தொண்டர் யாருடைய ஆள்?

அப்பா இறந்தபோது ஆவடியில் எங்கள் தெருமுனையில் கட்சிக்காரர்கள் பேனர் வைத்தார்கள். 'உண்மைத் தொண்டர்' என்று போட்டிருந்தது. முப்பது வருஷம் கொடி கட்டியவருக்குக் கிடைத்த ஒரே பதவி அது. எரிச்சலில் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள் இருந்தது. சரியாத்தான் போட்டிருக்காங்க என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியபுராணத்துக்கு வந்தது அந்தக் கோபத்தில்தான். 12ஆம் நூற்றாண்டில் அதை எழுதிய சேக்கிழார் நம்ம குன்றத்தூர்க்காரர். நூலுக்கு அவர் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். அதில் சிவன் சுந்தரரைத் தடுத்தாட்கொள்வதே கல்யாணப் பந்தலில் ஓர் அடிமை ஓலையை நீட்டித்தான். நீ நம்புகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. நீ யாருடைய ஆள் என்பதுதான் வழக்கு. விசுவாசி என்ற சொல்லுக்குள் மனசு இருக்கிறது. தொண்டருக்குள் இருப்பது கை.

அப்படியானால் திருநின்றவூர்ப் பூசலார்? கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். ஆனால் சேக்கிழார் அவரை 'ஆழ்ந்த நம்பிக்கையாளர்' என்று சொல்லி விட்டுவிடுவதில்லை. பூசலார் தச்சரைத் தேடுகிறார், நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார், ராத்தூக்கம் இல்லாமல் கட்டுகிறார், கிணறு வெட்டுகிறார், மதில் எழுப்புகிறார். எங்க ஆபீஸில் இதை டிசைன் டாக்குமெண்ட் என்போம். சேக்கிழாருக்கு இது முடிந்த வேலை. காஞ்சியில் கற்கோயில் கட்டிய அரசனின் குடமுழுக்கையே சிவன் தள்ளிவைக்கச் சொல்கிறார், பூசலார் கோயிலுக்கும் அதே நாள் என்பதால். நம்பிக்கையைக்கூட உழைப்பாக மட்டுமே சொல்லத் தெரிந்த கவி.

இடறுவது திருவேற்காட்டு மூர்க்க நாயனாரிடம். அடியார்களுக்குச் சோறு போடச் சூதாடுகிறார். ஜெயித்த பணத்தைத் தன் கையால் தீண்டுவதில்லை, கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுகிறார். ஆட்டத்தில் மறுத்துப் பேசினவனைக் கத்தியால் குத்துகிறார். குத்துப்பட்டவனுக்குக் காவியத்தில் பெயர் இல்லை. யாருக்காகக் குத்தினார் என்பது மட்டுமே கணக்கில் வருகிறது. இங்கே சேக்கிழாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று, மூர்க்கர் என்ற பெயரை அவர் மழுப்பவில்லை. தொண்டர் வரிசையிலேயே அந்தப் பெயரும் நிற்கிறது.

2015 வெள்ளத்தில் அப்பா மூன்று நாள் தெருவுக்கே சோறு பொங்கிப் போட்டார். அதற்கு முன்பு ஒரு பந்த் நாளில், தலைவருக்காக, ஒரு டீக்கடைக் கண்ணாடியை உடைத்தார். கடைக்காரர் பெயரை அம்மாவிடம் கேட்டேன்.

"யாருக்குடா ஞாபகம் இருக்கு?"

பேனர் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.