பின்னட்டையும் பாயிரமும்

இசைத்தட்டின் முன்னட்டை வாங்குவோரை அழைக்கிறது. பின்னட்டையோ வாங்கியவருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறது. இயற்றியவர், இராகம் அமைத்தவர், பாடியவர், கருவி வாசித்தவர் யாவர் என்று அறிவிப்பது அதன் கடமை. 1948இல் வெளிவந்த நீண்டநேர இசைத்தட்டின் 12 அங்குலச் சதுர உறை இதற்குத் தாராளமாக இடந்தந்தது. ஒலிநாடாவில் அவ்விடம் உள்ளங்கையளவாயிற்று. குறுந்தகட்டுப் பெட்டியின் பின்தாளும் ஏறக்குறைய 15 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமுமே உடையது. இடம் குறையும்போது எதை நீக்குகிறோம் என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூரில் வாலிபர் சிலர் பத்துக் கீர்த்தனைகளைக் குறுந்தகடாக வெளியிட முனைந்து, பின்னட்டையின் மாதிரியை நம்மிடம் கொணர்ந்தனர். அதில் பாதியிடத்தை நமது புகைப்படமே அடைத்திருந்தது. அதன்கீழ் நன்கொடையாளர் பெயர்கள். அடியில் பொடி எழுத்தில் பாடல்களின் முதலடிகள். இயற்றியவர் பெயர் ஒன்றேனும் இல்லை. பாடல்கள் அனைத்தும் ‘மரபுப் பாடல்கள்’ எனக் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியது. மற்றொன்றை எழுதியவர் இவ்வூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்து மறைந்த சபையார் ஒருவர். அவர் மகள் இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறார்.

“பாடல் ஆண்டவருக்குரியது, மனிதர் பெயர் எதற்கு?” என்றனர் வாலிபர். பக்தியுள்ள கூற்றே, ஆயினும் போதகர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் இவ்விதிக்குத் தப்பியதெங்ஙனம்? தன் பெயரைத் தானே மறைப்பது தாழ்மை. பிறர் பெயரை நாம் மறைப்பது தாழ்மையன்று, அநீதி. திருமறையின் நான்காம் சங்கீதத் தலைப்பு இராகத்தலைவனையும் நரம்புக்கருவியையும் தாவீதையும் குறித்த பின்னரே ஜெபம் தொடங்குகிறது.

நம் தமிழ் மரபும் இதற்குச் சான்று. சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரையே முதலில் வைக்கிறது நன்னூல். நூலாசிரியன் தன்னைத் தானே புகழலாகாது என்பதால், பாயிரம் உரைக்க அவன் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய நால்வரையே அது தகுதியுடையோராக்குகிறது. பின்னட்டைக் குறிப்புக்கும் இவ்விரு விதிகளும் பொருந்தும்.

நமது படத்தை நீக்கச் சொன்னோம். சொல்லுகையில் மனம் சற்றே தயங்கியதையும் மறைப்பதற்கில்லை. அவ்விடத்தில் கீர்த்தனைப் புத்தகத்திற்போல ஒவ்வொரு பாடலுக்கும் இராகமும் தாளமும் இயற்றியவர் பெயரும், முதியோர் கண்ணாடியின்றியே படிக்கத்தக்க எழுத்தில், வெளிர்நிறப் பின்புலத்தின்மேல் அச்சாயின. நன்கொடையாளர் பெயர்கள் உட்தாளுக்குச் சென்றன.

இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்போர் பலர் பின்னட்டையைக் காண்பதேயில்லை. ஆகவே போதகர்காள், இறையியல் மாணவர்காள், ஆராதனையில் கீர்த்தனையின் எண்ணை அறிவிக்கும்போது அதை இயற்றியவர் பெயரையும் அறிவியுங்கள். அச்சுத்தாள் கைவிட்ட கடமையைச் சபையின் வாயாவது நிறைவேற்றட்டும்.