கோட்டில் ஒரு முகவரி

ஆய்வகத் தொட்டியில் நீந்தும் வரிக்குதிரை மீன்கள் முதல் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவை. விரலளவு உடல், பக்கவாட்டில் நீலக்கோடுகள். பொறுமையாகப் பார்த்தால் ஒன்றின் கோடு வாலருகே அறுந்திருக்கும். இன்னொன்றில் கவையாகப் பிரியும். வேறொன்றின் குதத் துடுப்பில் புள்ளிகளாகச் சிதறும். கறுப்பு, மஞ்சள், வெள்ளி மினுக்கம் கொண்ட நிறமி உயிரணுக்கள் வளரும் தோலில் ஒன்றையொன்று தள்ளி இடம்பிடிப்பதன் விளைவு இது. என்ன அழகான ஒழுங்கீனம்!

கங்கைச் சமவெளி ஓடைகளின் இம்மீனை 1970களில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் மரபியல் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். அத்தகைய ஆய்வில் ஒவ்வொரு மீனையும் தனித்தறிய வேண்டும்; அந்த அடையாளத்துக்காகத் துடுப்பை நறுக்குவதுண்டு. அது சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். ஆகவே, கோட்டின் முறிவுகளைப் பார்த்தே மீனை இனங்காணும் கண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன். இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒத்திருக்காது. எனவே அடையாளப் பதிவுக்கு இருபுறமும் படமெடுக்க வேண்டும்.