பெயரறியாப் பாட்டும் பெயர் சூட்டும் துணிவும்

கவிதைத் தொகைநூல் ஒன்றைக் கையில் எடுப்போரில் பலர் முதலிற் பாட்டைப் பார்ப்பதில்லை. பாடினார் பெயரையே பார்க்கின்றனர். பெயர் பெரியதாயின் பாட்டும் பெரியதாகிவிடுகின்றது. பெயர் இல்லையாயின் ஏடு புரண்டுவிடுகின்றது. இதனால் விளைந்த கேடுகள் இரண்டு. பெயரற்ற நல்ல பாட்டுகள் பல படிப்பாரற்றுப் போயின என்பது ஒன்று. அவற்றை எவ்வாறேனும் வாழவைக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால், பெரும் புலவர் ஒருவரின் பெயரை அவற்றின் தலையில் சூட்டிவிடுகின்றோம் என்பது மற்றொன்று. முன்னது புறக்கணிப்பு, பின்னது பொய். இரண்டனுள் பின்னதே கொடிது என்பது நம் கருத்து. அதனை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

பெயரில்லாப் பாட்டு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பலருடைய கவிதைகளைத் திரட்டி அச்சிடும் வழக்கம் பெருகியிருந்தது. இலண்டன் நகரத்துப் பதிப்பாளர் இராபர்ட் டாட்ஸ்லி 1748-இல் மூன்று தொகுதிகளாகத் தொடங்கிய திரட்டு 1758-இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. இத்தகைய திரட்டுகளில் பெயர் பெற்ற புலவரோடு பெயர் கூறப்படாதோரும் இடம் பெற்றனர். ‘ஒரு மாது இயற்றியது’, ‘ஒரு கனவான் இயற்றியது’ என்னும் தலைப்புகளோடு வந்த கவிதைகள் அந்நூற்றாண்டில் மிகப் பல. பெருமகளிர் தம் பெயரை அச்சில் ஏற்றுதல் நாணத்தக்கது எனக் கருதப்பட்ட காலம் அது. குடிப்பிறந்த ஆடவருங்கூட எழுத்தை விற்றுப் பிழைப்பவர் என்னும் பேச்சுக்கு அஞ்சினர். தாமஸ் கிரே என்பார் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தைப் பாடிய இரங்கற்பா 1751-இல் முதன்முதல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. பெயரின்றி வந்த அப்பாட்டை ஆங்கிலம் அறிந்த உலகமே தலைமேற் கொண்டது.

பெயர் இல்லாதவிடத்துப் படிப்போர் எத்துணைத் தடுமாறுவர் என்பதையும் ஆங்கிலேயரே ஆராய்ந்து காட்டினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து ஆசிரியர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், பாடினார் பெயரை மறைத்துச் சில கவிதைகளை மாணவரிடம் கொடுத்துக் கருத்து எழுதுமாறு கேட்டார். நல்ல கவிதை சிலவற்றை அவர்கள் இகழ்ந்தனர். எளியன சிலவற்றைப் புகழ்ந்தனர். 1929-இல் வெளிவந்த அவருடைய நூல் இவ்வுண்மையை விரிவாக எடுத்துக் காட்டுகின்றது. பெயரென்னும் ஊன்றுகோல் பறிபோனவுடன் நடக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்பது அதனால் விளங்கியது. எனவே பெயரில்லாப் பாட்டு நம் சுவையுணர்வை அளக்கும் ஓர் உரைகல் எனலாம்.

நம் தமிழ் முன்னோர் இவ்வுரைகல்லுக்கு அஞ்சவில்லை. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையுமாகிய சங்கப் பாட்டுகள் 2381 என்றும், அவற்றுள் 102-க்குப் பாடினார் பெயர் இல்லை என்றும் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். பெயரற்றவை என்பதற்காக அவற்றை யாரும் தள்ளிவிடவில்லை. கபிலர் பாட்டோடும் பரணர் பாட்டோடும் அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. இதனினும் வியக்கத்தக்கது மற்றொரு வழக்கம். இயற்பெயர் மறைந்துபோன புலவர் சிலரை அவரவர் பாட்டில் வந்த அருமையான தொடராலேயே முன்னோர் அழைத்தனர். செம்மண் நிலத்தில் விழுந்த மழைநீரை உவமித்தவர் செம்புலப்பெயனீரார் ஆனார். அணில் ஓடியாடும் வெறிச்சோடிய முற்றத்தைக் காட்டியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். ஒற்றை ஏர் வைத்திருந்த உழவனின் பரபரப்பைச் சொன்னவர் ஓரேருழவனார். முதுமையிற் கோலூன்றி நின்று இளமையை எண்ணி ஏங்கியவர் தொடித்தலை விழுத்தண்டினார். இங்கே பெயர் வெளியிலிருந்து கடன் வாங்கப்படவில்லை. பாட்டின் செல்வமே பாடியவனுக்குப் பெயராயிற்று. பெயர் தெரியாத நிலையையும் மறைக்காது, புலவனையும் இழக்காது காத்த இம்முறையினும் நேர்மையான முறை வேறு யாதுளது?

நம் கொங்கு நாட்டிற்கும் இதில் ஒரு பங்குண்டு. பெருங்கதை பாடியவர் விசயமங்கலத்துக் கொங்குவேளிர் என்பர். கொங்கு என்பது நாடு. வேளிர் என்பது குடி. தாய் தந்தையர் அவருக்கு இட்ட பெயரை இவ்விரண்டும் சொல்லவில்லை. 1924-இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றியபோது ஏட்டின் தொடக்கமும் இறுதியும் கிடைத்தில. ஓலைச்சுவடியில் முதலில் நைவன முகப்பேடும் கடையேடுமே; நூலாசிரியன் தன்னைப் பற்றிச் சொல்லும் இடங்களும் பெரும்பாலும் அவையே. புலவர் பலரின் பெயரைக் கொண்டுபோனது பகைவனன்று, செல்லும் கரையானுமே. ஆயினும் நாட்டுப் பெயரையும் குடிப் பெயரையும் கொண்டே அப்பெருங்காப்பியத்தை இந்நாள் வரை போற்றி வருகின்றோம்.

அரபு மொழியிலும் இதற்கு நிகரானதொன்று உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அபூ தம்மாம் என்னும் பெருங்கவிஞர் தொகுத்த ‘ஹமாஸா’ பத்து இயல்களைக் கொண்டது. மத்ரஸாக்களில் நெடுங்காலமாகப் பாடமாக விளங்குவது. பனிப்பொழிவால் வழி அடைபட்டு ஹமதான் நகரில் தங்கியிருந்த நாளில், விருந்தளித்தவருடைய நூலகத்தைக் கொண்டே அவர் அதனைத் தொகுத்தார் என்பது வரலாறு. அதன் பக்கங்களைப் புரட்டுவோர் ‘வ கால ஆகரு’, அதாவது ‘மற்றொருவர் கூறினார்’ என்னும் தலைப்பை மீண்டும் மீண்டும் காண்பர். இன்ன குலத்து ஆடவர் ஒருவர், இன்ன குலத்துப் பெண்ணொருத்தி என்னும் அளவிலேயே பல பாட்டுகள் நிற்கின்றன. நூலின் முதற்பாட்டே பனூ அல்-அன்பர் குலத்துக் கவிஞர் ஒருவருடையது என்றுதான் தொடங்குகின்றது. அவர் பெயர் குரைத் இப்னு உனைஃப் என்பதை உரையாசிரியர் வழியே அறிகின்றோம். அபூ தம்மாமே ஒப்பற்ற கவிஞர். பெயரில்லாப் பாட்டுகளுக்கு இம்ருல் கைஸின் பெயரைச் சூட்ட அவர் கை கூசியது. பாட்டை ஏற்றுக்கொள்ள அவர் உள்ளம் கூசவில்லை.

இனி, தமிழ் முஸ்லிம்களாகிய நம் இலக்கியத்தின் தலைவாயிலுக்கு வருவோம். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழமையானது வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா. அரங்கேறிய ஆண்டு 1572. புலவர் பெயரும் தெரியும்; ஆண்டும் தெரியும். அதற்கும் முற்பட்டதாகப் போற்றப்படும் பல்சந்தமாலையின் நிலையோ வேறு. அந்நூலைப் பாடியவர் யாரென்று தெரியாது. நூலும் முழுமையாக இல்லை. எட்டுச் செய்யுட்களே எஞ்சியுள்ளன. அவையும் எவ்வாறு எஞ்சின? களவியற் காரிகை என்னும் அகப்பொருள் இலக்கண நூலின் உரைகாரர் தம் இலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாக அவற்றைக் காட்டினார். அவ்வுரையை எஸ். வையாபுரிப் பிள்ளை 1931-இல் பதிப்பித்தார். அரபு வணிகரோடு தொடர்புடைய அஞ்சுவண்ணத்தாரைப் பற்றிய குறிப்பும் அச்செய்யுட்களில் உண்டு. பாடியவர் இன்னார் என்று கேளாமலும், அவர் எச்சமயத்தார் என்று வினவாமலும், செய்யுள் செப்பமுடையது என்னும் ஒன்றையே கருதி எடுத்தாண்ட உரைகாரர் இல்லையேல், நம் இலக்கிய வரலாற்றின் முதற்பக்கம் வெற்றேடாக இருந்திருக்கும். பெயரில்லாப் பாட்டை ஒதுக்குவோர் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயர் சூட்டும் துணிவு செய்த கேட்டையும் காண்போம். அரபுக் கவிதைகளைத் திறனாய்ந்த முன்னோடி இப்னு ஸல்லாம் அல்-ஜுமஹி. தம் குலத்தின் பழம்பெருமைக்குப் பாட்டுச் சான்று போதாமையைக் கண்ட குலத்தார் பழங்கவிஞரின் நாவில் புதுப்பாட்டுகளை ஏற்றியதையும், அவர்க்குப் பின் பாட்டுகளை எடுத்துரைத்த ராவிகள் அதனை மேலும் பெருக்கியதையும் அவர் கண்டித்து எழுதினார். ஹம்மாத் என்னும் புகழ்பெற்ற ராவியும் அவருடைய குற்றச்சாட்டிற்குத் தப்பவில்லை. தமிழில் ஔவையார் பெயருக்கு நேர்ந்ததும் இதுவே. கொங்கின் வடபால் தகடூரில் அதியமானைப் பாடிய சங்க கால ஔவை வேறு. ஆத்திசூடி தந்த பிற்கால ஔவை வேறு. நாட்டில் வழங்கிய தனிப்பாட்டுகளையெல்லாம் அப்பெயரின்கீழ் அடுக்கியதால், பல நூற்றாண்டுக் கவிதை ஒரே மூதாட்டியின் வாய்மொழியாகிவிட்டது. பெயர் தெரியாத அப்புலவர் அத்தனை பேரையும் இழந்தோம். உண்மை ஔவையின் முகத்தையும் மங்கச் செய்தோம். இதற்கு மாறாக விவேக சிந்தாமணியை நோக்குக. ஆசிரியர் பெயர் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணைகளில் ஓதப்பட்டு வந்தது. பெயரின்மை அதன் வாழ்நாளைக் குறைக்கவில்லை.

ஈண்டு அன்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். ‘ஹதீஸ் கலையில் பெயர் கூறப்படாத அறிவிப்பாளர் இருப்பின் அவ்வறிவிப்பு வலுவிழக்கின்றது. அங்ஙனமாயின் பெயரில்லாப் பாட்டை மட்டும் ஏற்பது எப்படி?’ என்பர். நல்ல வினா. ஹதீஸ் என்பது சாட்சியம். சாட்சி சொன்னவர் யாரென்று தெரியாதவிடத்துச் சொல்லை எடை போட இயலாது. பாட்டு அவ்வாறன்று. அது செய்து முடித்த ஒரு பொருள். நெய்த துணியின் தரத்தைத் துணியே சொல்லும்; நெய்தவர் வந்து சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், ‘இப்பாட்டு இன்னாருடையது’ என்று சொல்லும் அக்கணமே அது சாட்சியமாகிவிடுகின்றது. அதற்கு ஸனது வேண்டும். பாட்டுக்கு வேண்டாத ஆதாரம் பெயருக்கு வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு. அறிவிப்புகளில் ‘ஒரு மனிதர்’, ‘ஒரு பெண்’ என்று மட்டும் வந்தோரின் பெயரைக் கண்டறியவே கதீப் அல்-பக்தாதி தனி நூல் இயற்றினார். அவர் பிற அறிவிப்புகளைச் சான்றாக வைத்துத் தேடினார். ஆசையை வைத்துத் தேடவில்லை.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவைக் கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும், பொள்ளாச்சி, தாராபுரம், ஈரோடு ஆகிய ஊர்களிலும் நம் குடும்பங்களில் பழைய கையெழுத்துக் குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. தாலாட்டு, திருமண வாழ்த்து, மௌத்து வீட்டு இரங்கல், ஞானப்பாட்டு எனப் பலவும் அவற்றில் உண்டு. நாம் பார்த்த அத்தகைய ஏடு ஒன்றில் ஒரு தாலாட்டின் தலைப்பில் ‘நன்னி சொன்னது’ என்று இரண்டே சொற்கள் இருந்தன. பின்னர் விழா மலர் ஒன்றில் அதே தாலாட்டு அச்சாயிற்று. நன்னி மறைந்துவிட்டார்; அவ்விடத்தில் புகழ்பெற்ற ஞானி ஒருவரின் பெயர் நின்றது. மலரைத் தொகுத்தோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆயினும், அவ்விரண்டு சொற்களே அப்பாட்டின் ஸனது என்பதை அவர்கள் உணரவில்லை. பாடியவர் பெயர் தெரியாவிடினும் கொடுத்தவர் யாரென்று அது சொன்னது; எவ்வீட்டில், எத்தலைமுறையில் அப்பாட்டு வழங்கிற்று என்று காட்டிற்று. அதனை அழித்து, ஆதாரமற்ற பெயரை நட்டனர். ஞானியாருக்கு அதனால் ஏறிய புகழ் ஒன்றுமில்லை. நன்னிக்கோ இருந்த ஒரே இடமும் போயிற்று.

பெண்கள் பாடும் பாட்டாதலின் பெண்ணே இயற்றியது என்று எழுதிவிடுவதும் பிழையே. குறுந்தொகையில் தலைவியின் குரலாக ஒலிப்பவற்றுள் ஆண்பாற் புலவர் பாடியவை எத்தனையோ. நாவில் வைத்துக் காத்தவர் பெண் என்பது நமக்குத் தெரியும், அதனை எழுதுவோம். இயற்றியவர் யாரென்பது தெரியாது. அதனைத் தெரியாது என்றே எழுதுவோம்.

ஆகவே வீட்டில் இத்தகைய ஏடு வைத்திருக்கும் வாசகப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இது. பாட்டைப் படி எடுக்குங்கால் சொல்லைத் திருத்தாது உள்ளவாறே எடுங்கள். அடியில் யார் சொல்லக் கேட்டது, அவர் எவ்வூரார், யாரிடம் கற்றார், எழுதிய ஆண்டு யாது என்னும் நான்கையும் குறியுங்கள். ஏட்டில் முன்பே ஏதேனும் குறிப்பு இருப்பின், அது இரண்டு சொல்லாயினும் விடாது சேருங்கள். பாடியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், சான்று இல்லாதவரை, ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். தொகுப்பாசிரியர் ஒருவர்க்கு அதனினும் பெருமை தரும் தொடர் பிறிதில்லை. நாளை ஒருவர் சான்றோடு வந்து அவ்விடத்தை நிரப்பக்கூடும். பொய்ப்பெயர் அமர்ந்துவிட்ட இடத்திலோ எவரும் தேடவே மாட்டார்.