அன்றே சஸ்பெண்ட்: ஜெயித்தது யார்?

ஹைதராபாத்தில் விளையாட்டைக் கவனிக்கிறவர்களுக்கு ஓர் ஆட்டம் ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது. காலையில் பத்திரிகையில் புகார், பொழுது சாய்வதற்குள் அதிகாரி சஸ்பெண்ட். "என்ன வேகம் பார்த்தீங்களா!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஹகீம்பேட்டை அரசு விளையாட்டுப் பள்ளி விவகாரத்தில் நடந்தது இதுதான். மாணவிகளிடம் ஓர் அதிகாரி தவறாக நடந்துகொண்டதாகச் செய்தி வந்தது. அப்போதைய மேலவை உறுப்பினர் கவிதா நடவடிக்கை கேட்டார். அப்போதைய விளையாட்டு அமைச்சர் சீனிவாஸ் கவுட் கையோடு அவரை சஸ்பெண்ட் செய்தார். அந்த அதிகாரி குற்றம் செய்தாரா இல்லையா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். இங்கே அது என் கவலை இல்லை. கைதட்டிய கேலரிதான் என் கவலை.

ஏனென்றால் எல்லோரும் தடாலடித் தாக்குதல் என்று எண்ணுகிற இந்த ஆட்டம், என் கண்ணுக்கு எம்ப்டி ரெய்டாகத்தான் தெரிகிறது. முன்னணியில் இருக்கிற கபடி அணி கடைசி நிமிடங்களில் ஆளை அனுப்பும். அவரும் பாடிக்கொண்டே போய், கோட்டைத் தாண்டி, யாரையும் தொடாமல் பத்திரமாகத் திரும்புவார். புள்ளி கிடையாது, நஷ்டமும் கிடையாது, கடிகாரம் மட்டும் ஓடியிருக்கும். உடனடி சஸ்பெண்டும் அப்படித்தான். முதல் புகார் எப்போது வந்தது, யார் கையில் கொடுக்கப்பட்டது, "போட்டி முடியட்டும், பார்க்கலாம்" என்றது யார் என்ற கேள்விகளுக்கு நேரம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

'நிர்வாகத்துக்கு ஒன்றுமே தெரியாது' என்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. கல்லூரித் தடகளத்தை ஒழுங்காகப் பின்தொடர்கிறவர்கள் ஹீட்ஸ் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். பெயர் இருக்கும், லேன் எண் இருக்கும், நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் 'டி.என்.எஸ்.' என்று இருக்கும். ஆள் ஓட வரவில்லை. உடனே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: மனவலிமை போதாது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ஒழுக்கம் இல்லை. பாதி நேரம் தொடைத்தசை பிடித்திருக்கும், அது உண்மைதான். ஆனால் ஒரே பயிற்சியாளரின் குழுவிலிருந்து, ஒவ்வொரு பயிற்சி கேம்ப்புக்கும் முந்தைய வாரத்தில், பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டால் அதன் பெயர் காயமா? பத்தில் ஒரு நொடி குறைந்ததைக் கண்டுபிடிக்கிற உடற்கல்வி இயக்குநருக்கு, நாலு பேர் குறைந்தது தெரியாதாம்!

அந்தப் பெண்கள் வாய் திறந்து சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்குப் போகிற கல்லூரி வீராங்கனை 'ஃபார்ம் 3' காட்ட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினாள் என்பதற்கான சான்று அது. பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அணிக்குத் தேர்வானால்தான் அந்தத் தாள். தேர்வு யார் கையில் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று வருட வியர்வையை ஒரு கையெழுத்துக்காகப் பொத்திவைத்திருக்கிற பெண்ணுக்குக் கேம்ப்பைத் தவிர்ப்பது ஒன்றுதான் கையில் இருக்கிற ஆட்டம். நான் அந்தப் பெண்ணின் கட்சி. நடுநிலை வேண்டுகிறவர்கள் வேறு பத்தி பார்த்துக்கொள்ளலாம்.

மேலிடம் கண்டுகொள்வதில்லை என்பதைத்தான் பழைய கணக்கும் சொல்கிறது. இந்திய விளையாட்டு ஆணைய மையங்களில் பத்தாண்டுகளில் 45 பாலியல் புகார்கள், அவற்றில் 29 பயிற்சியாளர்கள் மீது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக 2020-ல் வெளிவந்தது. பலருக்குக் கிடைத்த தண்டனை இடமாற்றமோ கொஞ்சம் சம்பள வெட்டோதான். புகார் தெரிந்தும் சும்மா இருந்த மேலதிகாரிகளைப் பற்றி யாரும் கணக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. கலைக் கல்லூரிகளும் விலக்கு இல்லை. 2023-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் உள்விசாரணைக் குழு முதலில் ஒன்றுமில்லை என்றது. மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஓர் ஆசிரியர் கைதானார்.

மேலே இருக்கிறவர்களைத் தொட முடியாது என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைக் காட்டுகிறேன். அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவனிடம் நடந்துகொண்ட விதம் 2001-லேயே மேலிடத்துக்குப் போனது. போலீசுக்குச் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். பத்து வருடம் கழித்து, 2011-ல்தான் அவர் கைதானார். கல்லூரி விளையாட்டு அமைப்பு 6 கோடி டாலர் அபராதம் போட்டது, அணியின் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகளை ஏட்டிலிருந்து அழித்தது. ரசிகர்கள் கொதித்தது எதற்கு? அழிந்த வெற்றிகளுக்கு. 2015-ல் அவற்றைத் திரும்பவும் வாங்கிவிட்டார்கள். கேலரி எங்கேயும் கேலரிதான். ஆனால் ஒன்று மட்டும் அங்கே நடந்தது. சிறுவர் நலனை ஆபத்துக்கு உள்ளாக்கியதற்காகப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரே குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2021-ல் சிறைக்குப் போனார்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தன் கீழ் வேலை செய்கிறவரின் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. 18 வயது தாண்டிய மாணவிகளுக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு மைதானமும் பயிற்சி மையமும் அதன்படி பணியிடம்தான். விதியை மீறும் கல்லூரியின் மானியத்தில் கைவைக்க பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகளே வழி சொல்கின்றன. சட்டங்கள் மாற்று ஆட்டக்காரர்களைப் போலத் தயாராக உட்கார்ந்திருக்கின்றன, களத்தில் இறக்கத்தான் எவருக்கும் மனமில்லை.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவைக்கிறேன். 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளிடம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையைக் கேட்கிறது. இரண்டு வருடத்துக்குள் எல்லாருடைய இணையதளத்திலும் ஒரே மாதிரியான பிடிஎஃப் ஏறிவிடும். கல்லூரி மைதானங்கள் 'எங்களுக்கு அது பொருந்தாது' என்று ஒதுங்கிக்கொள்ளும். ஹைதராபாத்தில் அடுத்த புகார் உள்விசாரணைக் குழுவின் வழியாக வராது, ஒரு மாணவியின் செல்போனிலிருந்து வரும். அன்றே ஒருவர் சஸ்பெண்ட் ஆவார், கல்லூரி முதல்வர் தன் நாற்காலியிலேயே இருப்பார். ஆனால் ஐந்து வருடத்துக்குள் ஏதோ ஒரு நீதிமன்றம் 21-ஆம் பிரிவில் ஒரு விளையாட்டு நிறுவனத் தலைவரைக் கூண்டில் ஏற்றும் என்றும் பந்தயம் கட்டுகிறேன். ஒரே ஒருவர் ஏறினால் போதும், மற்ற மேசைகளில் தூங்குகிற புகார்கள் அந்த வாரமே காவல் நிலையத்துக்கு நடக்கும்.

அதுவரை உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த 'அதிரடி சஸ்பெண்ட்' செய்தியைப் படிக்கும்போது சஸ்பெண்ட் ஆனவரின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் புகார் எந்தத் தேதியில், யார் மேசைக்கு வந்தது என்று தேடுங்கள். அது செய்தியில் இல்லையென்றால் பத்திரிகைக்குக் கடிதம் போடுங்கள், எங்கள் பத்திரிகையாக இருந்தாலும் சரி.