பரிசுச் சாடியும் மதுக்கிண்ணமும்

ஏதென்ஸின் பானாதெனைய விழாவில் ஓடி ஜெயித்தவனுக்குக் கிடைத்த பரிசு எண்ணெய். அத்தீனா தேவிக்குரிய ஒலிவ மரங்களின் எண்ணெய், சாடிக்கு ஏறக்குறைய 38 லிட்டர். கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கணக்கே சொல்கிறது: சிறுவர் ஓட்டத்தில் முதலில் வந்தவனுக்கு 50 சாடி, அடுத்தவனுக்கு 10. இவ்வளவையும் ஒரு வீட்டில் வைத்துத் தீர்க்க முடியாது, விற்கத்தான் வேண்டும். இத்தாலியின் எத்ருஸ்கக் கல்லறைகளில் இச்சாடிகள் ஏராளமாகக் கிடைப்பது அப்படிக் கைமாறியதால்தான் இருக்க வேண்டும்.

சாடியின் ஒரு முகத்தில் கேடயமும் ஈட்டியுமாக அத்தீனா. இருபுறமும் தூண்கள், அவற்றின் உச்சியில் சேவல்கள். தூணை ஒட்டி, இது ஏதென்ஸ் போட்டிப் பரிசு என்ற வாசகம். மறுமுகத்தில்தான் பந்தயம். குறுந்தூர ஓட்டக்காரன் கைகளை அகல வீசுவான். நெடுந்தூரக்காரன் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருப்பான். இவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள், குறுந்தூரக்காரனுக்கு வலக்காலோடு வலக்கையையும் முன்னே நீட்டி வரைந்துவிடுவதுண்டு. அப்படி ஓடிப் பார்த்தால் நாலடியில் விழுவோம்! ஆனால் சாடியில் அது வேகமாகவே தெரிகிறது.

தொடக்கத்தில் எல்லாச் சாடியும் கருவுருவப் பாணிதான். செம்மண் நிறப் பரப்பில் கரிய உருவம் தீட்டி, தசையையும் தாடியையும் கூர்முனையால் கீறுவார்கள். கி.மு. 525ஐ ஒட்டிச் செவ்வுருவப் பாணி வந்தது. பின்னணி கருப்பாயிற்று, உருவம் மண்ணின் நிறத்திலேயே நின்றது, கீறலின் இடத்தைத் தூரிகை பிடித்துக்கொண்டது. பட்டறைகள் மாறின, பரிசுச் சாடி மட்டும் மாறவில்லை. பெர்லின் ஓவியர், கிளியோஃப்ராடெஸ் ஓவியர் என்று இன்றைய ஆய்வாளர்கள் பெயரிட்டழைக்கும் செவ்வுருவ மேதைகள்கூட, பரிசுச் சாடி என்றால் பழைய பாணிக்குத் திரும்பினார்கள். அரசு முத்திரை போன்ற பொருளில் புதுமைக்கு இடமில்லை என்று நினைத்தார்கள் போலும்.

கலையாகப் பார்த்தால் எனக்கு விருந்துக் கலங்களே உயர்ந்தவை. யூஃப்ரோனியோஸ் தீட்டிய, பெர்லினில் உள்ள மதுக்கலத்தில் பந்தயமே இல்லை. இளைஞர்கள் பயிற்சிக்குத் தயாராகிறார்கள், ஒருவன் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறான். வேறு பல கிண்ணங்களில் நீளம் தாண்டுபவன் இரு கைகளிலும் எடைக்கற்களோடு நிற்க, பக்கத்தில் ஒருவன் இரட்டைக் குழல் ஊதுகிறான். தாண்டுவதற்குத் தாளம் வேண்டும் என்பது இந்தப் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கிண்ணம், கி.மு. 490–480ஐச் சேர்ந்தது. பாங்க்ராதியோன் என்ற முரட்டுச் சண்டை. அதில் குத்தலாம், உதைக்கலாம், கழுத்தையும் நெரிக்கலாம். கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் மட்டும் கூடாது. இங்கே ஒருவன் எதிராளியின் கண்ணில் விரலை விட்டுவிட்டான். ஓவியர் அதை மறைக்கவில்லை. நடுவரையும் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார். அவர் கோலை ஓங்கியாயிற்று, அடி விழ வேண்டியதுதான் பாக்கி.