எண்ணும் வேடமும்: பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் பற்றிய ஒரு நோக்கு

கணினி விளையாட்டுக்களை வகைப்படுத்துவோர் ‘பாத்திரமேற்பு விளையாட்டு’ என்றொரு பிரிவை நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். ஆயின் அப்பெயர் எதனைக் குறிக்கின்றது என்று வினவின், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: பகைவரை வென்று புள்ளி சேர்த்தல், அப்புள்ளிகளாற் படிநிலை உயர்தல், உயர்ந்த படிநிலையால் மேலும் வலிய பகைவரை வெல்லுதல். இவ்விடையிற் பாத்திரம் எங்கே உள்ளது, ஏற்றல் எங்கே நிகழ்கின்றது என்பன தெளிவாகவில்லை. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள். பாத்திரமேற்றல் என்பது யாது என அளந்தறிய ஓர் உரைகல் வேண்டும். பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதிகள் உட்பட மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வரும் காமன் கூத்து அத்தகைய உரைகல்லாக அமையத்தக்கது.

முதலில் இவ்விளையாட்டு வகையின் தோற்றத்தை நோக்குதல் தகும். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகையின் மூலம். அது சிறு பொம்மைகளைப் படைகளாக நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. படைக்குப் பதிலாக ஒரு தனிமனிதனைத் தனக்குரியவனாகக் கொள்ளுதல் அதன் புதுமை. அம்மனிதனின் வலிமை, அறிவு, சாதுரியம் முதலிய ஆறு இயல்புகள் எண்களாற் குறிக்கப்பட்டன. ஐயத்துக்குரிய செயல்களின் பயனைத் தாயக்கட்டைகள் தீர்மானித்தன. ஆனால், அவ்விளையாட்டின் உயிர் எண்களில் இருக்கவில்லை. ஒரு மேசையைச் சூழ நண்பர் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்தினார். ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் குரலிற் பேசினர். ஒருவன் சொன்ன சொல்லுக்கு மற்றவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கணினி இதனைத் தன்வயப்படுத்தியபோது நேர்ந்தது கவனிக்கத்தக்கது. 1981 இல் வெளிவந்த ‘அல்டிமா’, ‘விசட்ரி’ ஆகியவையும், அவற்றைத் தொடர்ந்து ஜப்பானில் எழுந்த ‘டிராகன் குவெஸ்ட்’ (1986), ‘பைனல் பான்டசி’ (1987) ஆகியவையும் மேசையிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டன. கணினி எண்ணுவதில் வல்லது; உரையாடலிலோ அன்று ஊமைக்கு நிகரானது. எனவே எண்ணத்தக்கவை எஞ்சின. குரலும் கூட்டமும் கழிந்தன. கணினியின் இயலாமை காலப்போக்கில் அவ்வகையின் இலக்கணமாகவே கொள்ளப்பட்டது. எண் வளருமிடமெல்லாம் பாத்திரமேற்பு உண்டு என்ற மயக்கம் இவ்வாறு நிலைபெற்றது.

மனிதனை எண்ணாக எழுதுதல் ஊவாத் தோட்டங்களுக்குப் புதிய செய்தியன்று. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, மாலையிற் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, செக்ரோலில் ஒரு வரியாகப் பதியப்படுவதே தோட்டத் தொழிலாளியின் நாள். குறித்த அளவு கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒருவரை இன்னார் எனக் காட்டும் ‘பேர்’ என்ற சொல்லே இங்கு நாட்சம்பளத்தின் அலகாக மாறி, பாதியாகவும் வெட்டப்படுகின்றது. இக்கணக்கு ஒருவர் எவ்வளவு பறித்தார் என்பதைச் சொல்லும். அவர் யார் என்பதைச் சொல்லாது. எண்களின் பட்டியலைப் பாத்திரம் என்று கூறும் விளையாட்டிலும் குறைபாடு இதுவே. அங்கு எண் மகிழ்ச்சி தருகின்றது, இங்கு வருத்துகின்றது என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டிடத்தும் மனிதனைக் காணவியலாது.

அதே தோட்டத்தில், அதே மனிதர், மாசி மாதத்தில் வேறொருவர் ஆகின்றார். அமாவாசை கழிந்து பிறை தோன்றியபின் காமன் கம்பம் ஊன்றப்படுகின்றது. ஏறக்குறைய 15 நாட்கள் நீளும் அச்சடங்கில், காப்புக் கட்டி விரதம் பூண்டோரே முதன்மைப் பாத்திரங்களை ஏற்பர். தவத்தில் ஆழ்ந்த சிவனை மன்மதன் கலைப்பதும், நெற்றிக்கண் திறந்து அவன் எரிவதும், ரதி புலம்புவதும், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் உயிர்பெறுவதும் கதை. தப்பு முழங்க, இறுதி இரவு முழுவதும் ஆட்டம் நடைபெறும். பல தோட்டங்களில் ரதியும் மன்மதனும் லயங்கள்தோறும் செல்ல, வீட்டார் அவர்களைத் தெய்வமாக வரவேற்பர். ரதியாக வந்திருப்பவர் அடுத்த காம்பராவில் வாழும் ஓர் ஆண் என்பதை அறியாதவர் அங்கு எவரும் இலர். அறிந்தும் வணங்குகின்றனர். அவ்வணக்கத்தினால் அவர் மேலும் ரதியாகின்றார்.

இங்கிருந்து பாத்திரமேற்றலின் மூன்று கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது, கட்டுப்பாடு: ஏற்றவர் தாம் விரும்பியதையெல்லாம் செய்ய முடியாது, பாத்திரத்துக்கு ஒவ்வாத உணவு, பேச்சு, நடத்தை ஆகியன விலக்கப்படுகின்றன. இரண்டாவது, ஏற்பு: சூழ்ந்திருப்போர் அவரை அப்பாத்திரமாகவே நடத்துகின்றனர். மூன்றாவது, விளைவு: காமன் எரிய வேண்டிய இரவு வந்தால் எரிந்தே தீருவான், அவ்விரவுக்குள் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. இம்மூன்றும் கூடுமிடத்து வேடம் பாத்திரமாகின்றது. இவை இல்லாவிடின், எத்துணை ஒப்பனை செய்யினும் அது வேடமாகவே நின்றுவிடும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று எழக்கூடும். காமன் கூத்தின் முடிவு முன்னரே வகுக்கப்பட்டது. ஆடுவோனுக்குத் தெரிவு இல்லை. விளையாட்டின் சிறப்போ தெரிவிலேயே தங்கியுள்ளது. எனவே கூத்தை அளவுகோலாகக் கொண்டு விளையாட்டை மதிப்பிடல் முறையன்று என்பது அம்மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. கூத்துக்கு இல்லாத ஆற்றல் விளையாட்டுக்கு உண்டு. ஆயின் தெரிவு மட்டுமே பாத்திரத்தை ஆக்கிவிடுமா என்பதே வினா. எதையும் தெரிவுசெய்ய வல்லவன் எவனும் அல்லன். கள்வனாகவும் துறவியாகவும் ஒரே வேளையில் நடக்க இடந்தரும் விளையாட்டிற் கள்வனும் இல்லை, துறவியும் இல்லை; ஆடுபவனின் ஆசை மட்டுமே உண்டு.

தமிழ் மரபு இதனை நன்குணர்ந்திருந்தது. அகத்திணைக் கவிதையிற் புலவன் தன் குரலிற் பேசுவதில்லை. தலைவியாக, தோழியாக, செவிலியாக, பரத்தையாகப் பேசுகின்றான். யார், யாரிடம், எச்சூழலில், எதனைக் கூறலாம் என்பதைத் தொல்காப்பியம் கூற்று வகையாக விரிவாக வரையறுக்கின்றது. அகத்திணை மாந்தருக்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பதும் அதன் விதி. பெயரற்ற தலைவியின் நிலையில் எக்காலத்து வாசகரும் புகலாம்; ஆனால், புகுந்தபின் தலைவி கூறத்தக்கதையே கூறுதல் வேண்டும். அவ்வெல்லைக்குள்ளேதான் ஔவையாரும் கபிலரும் வேறுபட்ட தெரிவுகளைச் செய்தனர். ஆகவே தெரிவும் கட்டுப்பாடும் பகைகள் அல்ல. கட்டுப்பாடு வகுத்த களத்திலேயே தெரிவு பொருள் பெறுகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு அண்மைக் கால விளையாட்டுக்கள் சிலவற்றை மதிப்பிடலாம். 2019 இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசியம்’ பாத்திரமேற்பு வகையைச் சேர்ந்ததாயினும் வழமையான போர்முறை அதில் இல்லை. நினைவிழந்து, குடியாற் சிதைந்த ஒரு துப்பறிவாளனை ஆடுவோர் ஏற்கின்றனர். அவனுக்குரிய 24 ஆற்றல்களும் எண்களே; ஆனால், அவ்வெண்கள் வாளாவிருப்பதில்லை. அவை அவனுள்ளே குரல்களாக எழுந்து பேசுகின்றன, அவனை ஏமாற்றவும் செய்கின்றன. அங்கு எண் மனத்தின் கூறாகிவிடுகின்றது. தோல்வியும் ஆட்டத்தை முடிப்பதில்லை. அவன் எத்தகையவன் என்பதைக் காட்டி, கதையை வேறு திசையில் நடத்துகின்றது.

இதனினும் வியப்புக்குரியது, பாத்திரமேற்பு என்ற பெயர் சூட்டப்படாத ஒரு விளையாட்டு. லூகாஸ் போப் 2013 இல் ஆக்கிய ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் அமைகின்றது. ஆடுபவர் கடவுச்சீட்டுக்களைச் சோதிக்கும் அலுவலர். எத்தனை பேரைப் பிழையின்றிச் சோதித்தார் என்பதைப் பொறுத்தே அன்றைய கூலி. அக்கூலியிலேயே குடும்பத்தின் உணவும் குளிர்காய்தலும் தங்கியுள்ளன. கணவனின் பத்திரங்கள் சரியாயிருக்கின்றன. பின்னே வரும் மனைவியிடம் அனுமதிச்சீட்டு இல்லை. அவளை அனுமதித்தால் விதியை மீறியதாகும். தடுத்தால் ஒரு குடும்பம் பிரியும். அலுவலரின் ஆற்றல் ஒருபோதும் படிநிலை உயர்வதில்லை. ஆயினும் அந்நாற்காலியில் அமர்ந்தவர் அலுவலராகவே சிந்திக்கத் தொடங்குகின்றார். தாம் அவ்வாறு சிந்திப்பதைக் கண்டு திகைக்கின்றார்.

மலையகத்தவருக்கு இந்நாற்காலியின் பொருள் தனியே விளக்கப்பட வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவாகும் எனப் பங்கிட்டது. அச்சாளரத்தின் வெளிப்புறத்திற் பத்திரத்துடன் நின்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று அவ்விளையாட்டில் உட்புறத்தில் அமரலாம். அமர்வதனால் அன்றைய அநீதி நியாயமாகிவிடாது. ஆனால், சாதாரண மனிதன் ஒருவன் கூலிக்கும் அச்சத்துக்கும் இடையில் எவ்வாறு அநீதியின் கருவியாகின்றான் என்பது உள்ளிருந்து புலப்படும். எதிர்நிற்பவரின் நிலையில் நின்று நோக்கச் செய்தல் பாத்திரமேற்றலின் அரிய பயன். போர் வென்று புள்ளி சேர்த்தலால் இப்பயன் கிட்டாது.

2023 இல் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’ இன்னொரு சான்று. 1980களின் இறுதியிற் கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டிலிருந்து மறைந்த வரிகளை ஊகித்துச் சமைக்கின்றாள். பின்னர் ஆடுபவர், தமிழிலிருந்து விலகி வளர்ந்த மகன் கவினின் நிலைக்கு மாற்றப்படுகின்றார். தாய்க்கு எளிதாயிருந்த அதே அடுக்களை மகனுக்கு அந்நியமாகின்றது. திறன் வளரவில்லை, குறைந்திருக்கின்றது. அக்குறைவே அவன் யார் என்பதை உணர்த்துகின்றது.

கூத்தைப் போற்றுவது அதன் குறைகளை மறைப்பதாகாது. ரதியையும் ஆண்களே ஏற்பது அதன் மரபு. தோட்டப் பொருளாதாரத்தைத் தம் விரல்களால் தாங்கும் பெண்கள், அங்கு பார்வையாளராகவே அமர்கின்றனர். பசறையில் வாழும் ஒரு மாணவிக்குக் கூத்துக்களம் மறுத்த இடத்தைக் கைப்பேசித் திரை தருமாயின் அதனை எள்ளி நகையாடுதல் தகாது. கைப்பேசி விளையாட்டு இளைஞரைக் கெடுத்தது, கூத்து அழிந்தது என்று முதியோர் கூறும் முறைப்பாடு இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றது. மறுபுறத்தில், திரை தருவது வேடம் மட்டுமாயின் அவ்விடமும் வெறுமையானதே. தனியறையில் ஆடுபவரை அப்பாத்திரமாக ஏற்று வணங்கவோ கடியவோ எவருமில்லை. இறந்தால் முன்னர்ச் சேமித்த இடத்துக்கு மீளலாம். எனவே விளைவும் இல்லை. 2015 இல் வந்த ‘அண்டர்டேல்’ இக்குறையை உணர்ந்து, மீண்டு வந்தவர் முன்னர்ச் செய்த கொலையை நினைவிற் கொண்டு அவரிடமே சுட்டிக்காட்டியது. அத்தகைய முயற்சிகள் சிலவே.

கூத்தைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் எதிர்காலத்தில் எழக்கூடும். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இரவு முழுவதும் ஆடும் கூத்துக்களைச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என மேடைக்கேற்ப அளித்தபோது, பெற்றது எது, இழந்தது எது என்ற விவாதம் எழுந்தது. அவ்விவாதம் இங்கும் பொருந்தும். மன்மதனின் கணைக்கு இத்தனை புள்ளி, வீரபத்திரனின் வாளுக்கு இத்தனை வலிமை என வகுக்கப்படுமாயின், காமன் கூத்து செக்ரோலின் மற்றொரு பக்கமாகவே முடியும். மாறாக, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பாத்திரமாகக் கொண்டு, அரைப்பேரின் அழுத்தத்தை ஆடுபவர் தோளில் ஏற்றி, அவ்வெண்ணுக்குள் அடங்காத அவள் சொல்லுக்கும் சினத்துக்கும் தெரிவுக்கும் இடமளிக்கும் ஒரு விளையாட்டு ஆக்கப்படுமாயின், அது எந்நாட்டு விளையாட்டுக்கும் இளைத்ததாகாது.

ஆகவே எண் இருத்தல் குற்றமன்று. அது பாத்திரத்துக்குப் பணி செய்கின்றதா, பாத்திரத்தை விழுங்குகின்றதா என்பதே விமர்சகன் கேட்கத்தக்க வினா. பிறர் ஒருவரின் எல்லைகளை மனமுவந்து ஏற்று, அவ்வெல்லைக்குள் நின்று தெரிவுசெய்து, அத்தெரிவின் விளைவைத் தாங்குதலே பாத்திரமேற்றல். செக்ரோலில் ஒரு வரியாக நின்ற மனிதன் மாசி நிலவில் ரதியாக எழுந்து நின்றபோது மலையக மக்கள் இதனைச் செயலிற் காட்டினர். கணினி விளையாட்டு அந்நிலையை எய்துமா என்பது அதனை ஆக்குவோரின் எண்ணும் திறனிலன்று, மனிதரை அறியும் திறனிலேயே தங்கியுள்ளது.