இ.பா.: இரு களம், ஒரே ஆட்டம்

1977இல் சாகித்திய அகாதெமி, 1999இல் சரஸ்வதி சம்மான், 2004இல் சங்கீத நாடக அகாதெமி. முதலாவது 'குருதிப்புனல்' நாவலுக்கு, இரண்டாவது 'ராமானுஜர்' நாடகத்துக்கு, மூன்றாவது மொத்த நாடகப் பணிக்கு. கும்பகோணத்தில் வளர்ந்த இ.பா. என்ற இந்திரா பார்த்தசாரதியின் ஸ்கோர் கார்டு இது. சரஸ்வதி சம்மான் பெற்ற முதல் தமிழ் எழுத்தாளரும் அவர்தான்.

பள்ளியில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் தி. ஜானகிராமன். வாத்தியாருக்கு அகாதெமி விருது 1979இல் வந்தது. மாணவர் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டார். ஆனால் இருவர் ஆட்டமும் வேறு. தி.ஜா. எழுதினால் காவிரிப் படித்துறையின் ஈரம் காலில் படும். இ.பா. வர்ணனையில் நேரம் செலவழிக்க மாட்டார். இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து வாதாடவிடுவார்; கதை அந்த வாதத்திலேயே நகரும். எதிராளியின் வாய்க்கும் நல்ல வாதத்தைக் கொடுப்பார். நாவலில் பழகிய அந்தக் கைதான் 'மழை' நாடகத்தில் மேடையேறியது.

நடுவில் வேலைகள் பல. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். எண்பதுகளில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளியைத் தொடங்கி நடத்தினார். முனைவர் பட்டத்துக்கு அவர் ஆய்ந்தது வைணவம். அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்பதற்கு 'ராமானுஜர்' சாட்சி.

அவருடைய ஆட்டத்தை முழுதாக அளக்கக் காவிரி டெல்டாவுக்கே வரவேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 'குருதிப்புனல்' அந்த நெருப்பிலிருந்து பிறந்தது. டெல்லியிலிருந்து ஊருக்கு வரும் கோபால் என்ற படித்தவனின் கண்வழியே, ஊர்ப் பிரச்சினை மெல்ல மெல்ல வாசகனின் பிரச்சினையாகிறது. நூல் பார்த்துப் பேசியவன், ஒரு பக்கம் சேர்ந்தே தீரவேண்டிய இடத்துக்கு வருவதுதான் நாவலின் வேகம்.

பலவீனமும் அங்கேதான். நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறையை ஒரு காரணமாக்கியதை இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். வெண்மணியில் எரித்தது ஒரு மனிதனின் மனக்கோணல் அல்ல. நிலமும் சாதியும் சேர்ந்த அதிகாரம்.

அந்தக் குறையை 'நந்தன் கதை' நாடகம் நேர்செய்கிறது. பெரியபுராணத்து நந்தனாருக்கு வேதியர் என்ற பண்ணையாரைச் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இ.பா. இன்னும் ஒரு படி போகிறார். மேல்சாதி நிலவுடைமையாளர்கள் வேற்றுமை மறந்து கைகோக்கிறார்கள்; நந்தனின் பக்தியையே அவனுக்குப் பொறியாக்கித் தீயில் இறக்குகிறார்கள். இங்கே தனிமனிதக் கோணல் எதுவும் காரணமாக வருவதில்லை. குற்றவாளி ஓர் ஏற்பாடு. அது கண்முன்னே நடப்பதைப் பார்வையாளன் பார்க்கிறான். பக்தி மணக்கும் பழைய கதைக்குள் வெண்மணியின் புகை வருகிறது.

இ.பா.வின் நாவல்கள் வாசகனைத் தனியே யோசிக்க வைத்தன. நாடகங்கள் கூட்டத்தைச் சேர்ந்து யோசிக்க வைத்தன. என் கணிப்பில் இரண்டாவதே அவருடைய பெரிய ஆட்டம். 'உச்சி வெயில்' குறுநாவல் 'மறுபக்கம்' படமாகித் தமிழுக்கு முதல் தேசியத் தங்கத் தாமரையை வாங்கித் தந்தது. 'ஔரங்கசீப்' நாடகம் இந்தியிலும் மேடையேறியது. 'நந்தன் கதை' அதிகம் மேடையேற வேண்டிய இடமோ நந்தன் ஏர் ஓட்டிய இந்தச் சோழநாடு. அறுவடை முடிந்து களம் ஒழியும் மாசி, பங்குனியில், கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்யும் ஊர்கள் ஓர் இரவை இந்த நாடகத்துக்குக் கொடுக்கட்டும். பண்ணை வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே தரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும்.